முத்திரையில்லாத் தூது

(பகவான் மகாவீரர் பிறந்தநாள் விழா அரங்கில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தூது என்னும் சொல் தமிழுக்கு மிகப் பழையது. வள்ளுவப் பெருந்தகை அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அங்கே பேசப்படும் தூதன் அரசனுடைய ஆள். அரச முத்திரை அவன் கையில் உண்டு. அவனுக்குப் பின்னே படையும் உண்டு. பிற்காலப் புலவர்கள் அன்னத்தையும் முகிலையும் தென்றலையும் தூது விடுத்தனர். அவை காதலுக்காகவும் பக்திக்காகவும் சென்ற தூதுகள். அரசனும் இல்லாமல், படையும் இல்லாமல், ஒரு மக்கள் கூட்டம் மற்றொரு மக்கள் கூட்டத்துக்கு நேரே தூது அனுப்பிய நிகழ்ச்சி வரலாற்றில் அரிது. கடல் கடந்த ஒரு சிறு நாட்டில், நூறாண்டுகளுக்கு முன்பு அத்தகைய தூது ஒன்று நடந்தது. கொல்லாமையைத் தலையாய விரதமாகக் கொண்ட குடும்பங்கள் நிறைந்த இந்த அவையில் அது பேசப்படுவது பொருந்தும்.

அந்நாட்டின் பெயர் வேல்ஸ். இங்கிலாந்தின் மேற்கே மலைகளும் கடலும் சூழக் கிடக்கும் நிலம். பரப்பில் நம் தமிழ்நாட்டின் ஆறில் ஒரு பங்கே இருக்கும். அவர்களுக்கென்று ஆங்கிலத்தின் சாயல் சிறிதும் இல்லாத, மிகத் தொன்மையான தனிமொழி உண்டு. 1282-ஆம் ஆண்டில் தங்கள் கடைசிச் சுதேச வேந்தனான லூவெலினைப் போரில் இழந்தனர். 1536-இல் எட்டாம் ஹென்றியின் காலத்தில் சட்டப்படியும் இங்கிலாந்தோடு இணைக்கப்பட்டனர். அதன் பின்னர் அவர்களுக்குக் கொடி இருந்தது, பாட்டு இருந்தது, மொழி இருந்தது. அயல்நாட்டுக்குத் தூதர் அனுப்பும் உரிமை மட்டும் இல்லை. இலண்டன் அனுப்பும் தூதரே அவர்களுக்கும் தூதர்.

அமெரிக்காவோடு அவர்களுக்கு இருந்த உறவு குடியேற்றத்தால் வந்தது. 1682-ஆம் ஆண்டு முதல், படைக்கலம் ஏந்த மறுக்கும் குவேக்கர் சமயத்தைச் சார்ந்த வேல்ஸ் குடும்பங்கள், சமய ஒடுக்குமுறைக்கு அஞ்சிப் பென்சில்வேனியாவில் குடியேறின. இன்று ஒரு பெரிய மகளிர் கல்லூரியால் புகழ்பெற்ற பிரின் மார் என்னும் அமெரிக்க ஊரின் பெயர் வேல்ஸ் மொழியில் 'பெருங்குன்று' எனப் பொருள்படும். டால்கெத்லி என்னும் ஊருக்கு அருகிலிருந்து கப்பலேறிய ரோலண்ட் எல்லிஸ் என்ற குவேக்கர் உழவருடைய பண்ணையின் பெயர் அது. பின்னர் நிலக்கரித் தொழிலாளரும் இரும்பாலைத் தொழிலாளரும் ஆயிரக்கணக்கில் சென்றனர். 1851 முதல் அமெரிக்காவிலேயே வேல்ஸ் மொழியில் 'அ ட்ரிக்' என்ற செய்தித்தாள் வெளிவந்தது. 'கண்ணாடி' என்பது அப்பெயரின் பொருள்.

பொய்யான உறவு ஒன்றும் இடையில் கிளம்பிற்று. 1170-ஆம் ஆண்டிலேயே மாடாக் என்ற வேல்ஸ் இளவரசன் கடல் கடந்து அமெரிக்கா சென்றான் என்றும், அவன் வழியினர் அங்கே செவ்விந்தியரோடு கலந்து வேல்ஸ் மொழி பேசி வாழ்கின்றனர் என்றும் ஒரு கதை. அதை நம்பி ஜான் எவன்ஸ் என்ற இளைஞர் 1792-இல் புறப்பட்டார். மிசௌரி ஆற்றின் வழியே பல நூறு கல் தொலைவு சென்று, மாண்டன் குடியினரோடு ஒரு குளிர்காலத்தைக் கழித்தார். அங்கே வேல்ஸ் மொழி பேசுவோர் எவரும் இல்லை. இல்லையென்று நேர்மையாக எழுதியும் அனுப்பினார். அவர் வரைந்த நிலப்படம் மட்டும் பின்னாளில் லூயிஸ், கிளார்க் என்னும் ஆய்வாளர்களுக்குப் பயன்பட்டது. இல்லாத உறவைத் தேடிச் சென்றவர் உள்ள நிலத்தை அளந்து தந்தார் என்பது சுவையான செய்தி.

இந்த அவைக்குத் தனியே மகிழ்ச்சி தரும் ஒரு குறிப்பும் உண்டு. 1893-ஆம் ஆண்டு செப்டம்பரில் சிகாகோ நகரின் உலகக் கண்காட்சியை ஒட்டிச் சர்வ சமயப் பேரவை கூடியது. விவேகானந்தர் பேசிய அதே பேரவையில் ஜைன சமயத்தின் சார்பில் நின்று பேசியவர் வீர்சந்த் ராகவ்ஜி காந்தி. அவர் வந்து பேசிய அதே செப்டம்பரில், சில நாட்கள் முன்னதாக, அதே கண்காட்சியில் வேல்ஸ் மக்கள் தங்கள் 'ஐஸ்தெத்வோட்' விழாவை நடத்தினர். கவிஞர்களும் பாடகர்களும் போட்டியிட்டுப் பரிசு பெறும் பாவரங்கம் அது. வேல்ஸிலிருந்து பாடற் குழுக்கள் கடல் கடந்து வந்து பாடின. ஒரே நகரம், ஒரே மாதம். படையோ ஆட்சியோ தமக்கென இல்லாத இரு சிறுபான்மையினர், ஒருவர் அறத்தோடும் மற்றவர் பாட்டோடும் அமெரிக்க மக்கள் முன் போய் நின்றனர்.

இனி அமைதித் தூதுக்கு வருவோம். அதற்கு முன்னோடியாக ஒருவரைச் சொல்லியாக வேண்டும். ட்ரெகாரன் என்ற சிற்றூரில் 1812-இல் பிறந்த ஹென்றி ரிச்சர்ட் என்ற சமய ஊழியர், 1848 முதல் 1885 வரை இலண்டன் அமைதிக் கழகத்தின் செயலராக இருந்தார். அவரோடு கைகோத்தவர் எலிஹு பரிட் என்ற அமெரிக்கர். பரிட் தொழிலால் கொல்லர். உலைக்களத்தில் வேலை செய்துகொண்டே பல மொழிகளைத் தாமே கற்றவர். 'கற்ற கொல்லர்' என்றே அமெரிக்கா அவரை அழைத்தது. இந்த இருவரின் உழைப்பால் 1848-இல் பிரசல்ஸிலும் 1849-இல் பாரிஸிலும் 1850-இல் ஃபிராங்ஃபர்ட்டிலும் உலக அமைதி மாநாடுகள் கூடின. பாரிஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் விக்டர் ஹியூகோ. நாடுகளுக்கிடையே வழக்கு எழுந்தால் போர்க்களத்துக்குப் போகாமல் நடுவர் மன்றத்துக்குப் போக வேண்டும் என்பதே இவர்களின் ஓயாத கோரிக்கை.

கேலி பேசியோர் பலர். ஆனால் 1872-இல் அந்தக் கேலிக்கு விடை கிடைத்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது தென்னவர்க்காக இங்கிலாந்தின் பர்கன்ஹெட் துறைமுகத்தில் 'அலபாமா' என்ற கப்பல் கட்டித்தரப்பட்டது. அது வடக்கு மாநிலங்களின் வணிகக் கப்பல்களைச் சூறையாடியது. போர் முடிந்தபின் அமெரிக்கா இழப்பீடு கேட்டது. இரு நாடுகளுக்கும் இடையே பகை மூண்டது. இறுதியில் வழக்கு ஜெனீவாவில் நடுவர் முன் சென்றது. பிரிட்டன் ஒரு கோடியே ஐம்பத்தைந்து லட்சம் டாலர் செலுத்தியது. ஒரு துளி குருதியும் சிந்தவில்லை. அடுத்த ஆண்டே, 1873-இல், ஹென்றி ரிச்சர்ட் பிரிட்டிஷ் பொதுச்சபையில் நடுவர் தீர்ப்பை ஆதரிக்கும் தீர்மானத்தைக் கொணர்ந்து, 98-க்கு 88 என்ற வாக்கில் வென்றார். பத்து வாக்கு வேறுபாடுதான். ஆனால் சபையின் ஏட்டில் ஏறிவிட்டது.

நாற்பதாண்டு கழித்து முதல் உலகப் போர் வந்தது. அது வேல்ஸின் ஒவ்வோர் இல்லத்தையும் தொட்டது. போரில் மாண்ட வேல்ஸ் மக்களின் நினைவேட்டில் ஏறத்தாழ 35,000 பெயர்கள் எழுதப்பட்டுள்ளன. அவர்களுள் ஒருவரின் கதை மட்டும் போதும். ட்ராஸ்வனித் என்ற ஊரில் ஆட்டுப்பண்ணை உழவரின் மகனாகிய எல்லிஸ் எவன்ஸ் நல்ல கவிஞர். 'ஹெத் வின்' என்பது அவர் புனைபெயர். அதில் 'ஹெத்' என்றால் அமைதி. 1917-ஆம் ஆண்டு ஐஸ்தெத்வோட் கவிதைப் போட்டிக்குப் போர்க்களத்திலிருந்தே கவிதை எழுதி அனுப்பினார். ஜூலை 31 அன்று பெல்ஜியத்தில் குண்டடிபட்டு இறந்தார். செப்டம்பர் மாதம் விழா கூடியது. கூடிய இடம் அதே பர்கன்ஹெட். வென்ற கவிஞரின் புனைபெயரை மும்முறை அழைத்தனர், எவரும் எழவில்லை. வென்றவர்க்குரிய மரச் சிம்மாசனத்தின் மீது கறுப்புத் துணி போர்த்தினர். 'கரும் சிம்மாசன விழா' என்றே அது இன்றளவும் அழைக்கப்படுகிறது. புலவனைக் கொன்ற நாடு என்னும் பழி தாங்காத தமிழ் நெஞ்சம் அந்தத் துணியின் கருமையை உணரும்.

போர் முடிந்தது. இனிப் போர் வேண்டாம் என்று சர்வதேச சங்கம் அமைக்கப்பட்டது. அதற்கு வித்திட்டவர் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன். வேல்ஸ் மக்கள் அவரை எவ்வளவு போற்றினர் என்றால், லான்டினம் டேவிட் டேவிஸ் என்ற செல்வரும் அவருடைய இரு சகோதரிகளும் நிதியளிக்க, 1919-இல் அபெரிஸ்ட்வித் கல்லூரியில் உலகிலேயே முதன்முதலாக நிறுவப்பட்ட பன்னாட்டு அரசியல் பேராசிரியர் இருக்கைக்கு வில்சன் பெயரையே சூட்டினர். ஆனால் வில்சனின் சொந்த நாடு அவர் சொல்லை ஏற்கவில்லை. 1919 நவம்பரிலும் 1920 மார்ச்சிலும் அமெரிக்க மேலவை அந்த ஒப்பந்தத்தை நிராகரித்தது. சங்கத்தை நினைத்தெழுப்பிய நாடே சங்கத்துக்கு வெளியே நின்றது.

1923-ஆம் ஆண்டு மே மாதம் அபெரிஸ்ட்வித் நகரில் வேல்ஸ் சர்வதேச சங்க ஆதரவாளர் கூட்டம் நடந்தது. அதில் பெண்கள் ஒரு முடிவுக்கு வந்தனர். அமெரிக்க அரசிடம் பேசும் உரிமை வேல்ஸுக்கு இல்லை. அமெரிக்கப் பெண்களிடம் பேச எவருடைய அனுமதி வேண்டும்? ஒரு நாட்டுத் தாய்மார் மற்றொரு நாட்டுத் தாய்மாருக்கு விண்ணப்பம் எழுதுவது. வேல்ஸில் பதினெட்டு வயது நிரம்பிய ஒவ்வொரு பெண்ணிடமும் கையொப்பம் கேட்பது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அமெரிக்கப் பெண்கள் 1920-இல் வாக்குரிமை பெற்றிருந்தனர். பிரிட்டனில் 1918-இல் கிடைத்த வாக்குரிமை முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கே. அதிலும் சொத்து நிபந்தனை இருந்தது. ஆண்களுக்கு நிகரான வாக்கு 1928-இல்தான் வந்தது. ஆதலால் அன்று கையொப்பமிட்ட இளம்பெண்கள் பலருக்குத் தம் நாட்டுத் தேர்தலிலேயே குரல் இல்லை. வாக்குச் சீட்டு இல்லாத கை கடல் கடந்த நாட்டுக்கு எழுதிய மடல் என்று இதைச் சொன்னால் மிகையாகாது.

ஊர் ஊராக, தெருத் தெருவாக, வீடு வீடாகச் சென்றனர். நாடெங்கும் சில நூறு பெண்கள் அமைப்பாளர்களாகப் பொறுப்பேற்றனர். மலைச்சரிவுப் பண்ணை வீடுகளும், சுரங்கத் தொழிலாளரின் நெருங்கிய வரிசை வீடுகளும், கார்டிஃப் நகரின் மாளிகைகளும் ஒரே வரிசையில் வந்தன. ஒவ்வொரு தாளிலும் பெயரும் முகவரியும். செல்வச் சீமாட்டிக்கும் அவள் வீட்டுப் பணிப்பெண்ணுக்கும் ஒரே தாளில் அடுத்தடுத்த வரிகள் கிடைத்தன. தொலைபேசியும் பேருந்தும் அரிதான காலத்தில், ஓர் ஆண்டுக்குள், சேர்ந்த கையொப்பங்கள் 3,90,296. குழந்தைகள், ஆண்கள் அனைவரும் சேர்ந்தும் அன்றைய வேல்ஸின் மக்கள்தொகை 26 லட்சத்துக்குச் சற்று மேல் என்பதை நினைத்தால் அந்த எண்ணின் கனம் விளங்கும். தாள்களை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டினால் ஏழு மைல் வரும் என்று அந்நாளில் பேசிக்கொண்டனர். அனைத்தையும் ஓர் ஓக் மரப்பேழையில் வைத்தனர். விண்ணப்பத்தை அழகிய எழுத்தில் வரைந்து தோலட்டையிட்டனர்.

பேழையை எடுத்துச் சென்ற குழுவின் தலைவி அன்னி ஹியூஸ் கிரிஃபித்ஸ் அம்மையார். அவருடைய முதற் கணவர் டாம் எல்லிஸ், வேல்ஸின் புகழ்பெற்ற நாடாளுமன்ற உறுப்பினர். 1899-இல் இளவயதிலேயே மறைந்தார். அப்போது அம்மையார் கருவுற்றிருந்தார். பின்னர் இலண்டன் வேல்ஸ் தேவாலயத்தின் போதகரை மணந்தார். உடன் சென்றவர்கள் கிளாடிஸ் தாமஸும் எலினெட் பிரைஸும். வேல்ஸின் முதல் பெண் பள்ளி ஆய்வாளர்களுள் ஒருவரான மேரி எல்லிஸ் முன்னதாகவே அமெரிக்கா சென்று ஏற்பாடுகளைக் கவனித்தார். 1924 பிப்ரவரியில் 'செட்ரிக்' என்ற கப்பலில் குளிர்காலக் கடலைக் கடந்தனர். அம்மையார் நாட்குறிப்பு எழுதிவந்தார்; அது இன்றும் வேல்ஸ் தேசிய நூலகத்தில் உள்ளது.

பிப்ரவரி 19 அன்று நியூயார்க் நகரின் பில்ட்மோர் விடுதியில் பெருங்கூட்டம். அமெரிக்கப் பெண்கள் அமைப்புகளின் பேராளர்கள் நூற்றுக்கணக்கில் வந்திருந்தனர். அந்த அமைப்புகளில் மொத்தம் இரண்டு கோடிப் பெண்கள் உறுப்பினர் என்று அன்று கணக்குச் சொல்லப்பட்டது. பேழை அங்கே ஒப்படைக்கப்பட்டது. பிப்ரவரி 21 அன்று வெள்ளை மாளிகையில் குடியரசுத் தலைவர் கால்வின் கூலிட்ஜைச் சந்தித்தனர். கூலிட்ஜ் அளந்து பேசுபவர் என்று பெயர் பெற்றவர். தம் மேலவையின் கருத்தை மீறும் எண்ணமும் அவருக்கு இல்லை. அதன்பின் ஏறத்தாழ இரண்டு மாதம், கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரை வரை நகர் நகராகச் சென்று பேசினர். பேழை வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் காட்சியகத்தில் வைக்கப்பட்டது.

விண்ணப்பத்தின் நடையைப் பற்றி ஒரு சொல். அமெரிக்கா சங்கத்தில் சேர வேண்டும் என்பதே கேட்டவர்களின் உள்ளக்கிடக்கை. எனினும் 'உங்கள் அரசைத் திருத்துங்கள்' என்ற தொனி அதில் இல்லை. அமெரிக்கா ஏற்கெனவே அமைதிக்காகச் செய்த நன்மைகளை நினைவுகூர்ந்து, அதைத் தொடர்ந்து செய்யத் தங்களோடு கைகோக்குமாறு வேண்டினர். ஒருவரைக் கடிந்து திருத்துவது எளிது. அவரிடம் உள்ள நன்மையைச் சுட்டி அதை வளர்க்கச் சொல்வதற்குப் பொறுமை வேண்டும். அகிம்சை சொல்லிலும் தொடங்கும் என்பதைப் பயின்ற இந்த அவைக்கு இதை விரித்துரைக்கத் தேவையில்லை.

பலன் என்ன என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானது. மழுப்பாமல் சொல்லவேண்டும்: அமெரிக்கா சர்வதேச சங்கத்தில் கடைசி வரை சேரவில்லை. பேழை சென்று பதினைந்து ஆண்டுகளில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. 1925 ஜனவரியில் கேரி சாப்மன் கேட் அம்மையார் வாஷிங்டனில் போரின் காரணமும் தீர்வும் பற்றிய மகளிர் மாநாட்டைக் கூட்டியதும், 1928 ஆகஸ்டில் போரைத் தேசியக் கொள்கையின் கருவியாகக் கொள்ளோம் என்று பல நாடுகள் பாரிஸில் கையொப்பமிட்டதும் மெய்யே. அவற்றிலெல்லாம் இந்தப் பேழையின் பங்கு இவ்வளவு என்று அளந்து காட்ட இயலாது. பெண்கள் கேட்டது கிடைக்கவில்லை. அவர்கள் பெற்ற பிள்ளைகளே மீண்டும் போருக்குச் சென்றனர்.

ஆனால் கேட்டவர்கள் ஓய்ந்துவிடவில்லை. 1926-இல் வடவேல்ஸின் பெனிகிராஸ் என்ற ஊரிலிருந்து ஈராயிரம் பெண்கள் அமைதி யாத்திரை தொடங்கினர். 1922 முதல் ஆண்டுதோறும் வேல்ஸ் நாட்டுச் சிறார் உலகச் சிறாருக்கு நல்லெண்ணச் செய்தி அனுப்பிவருகின்றனர். அந்த வழக்கம் இன்றும் நிற்கவில்லை. 1938 நவம்பர் 23 அன்று கார்டிஃப் நகரில் டேவிட் டேவிஸ் எழுப்பிய அமைதிக் கோயில் திறக்கப்பட்டது. திறப்பதற்கு அரசரையோ அமைச்சரையோ அழைக்கவில்லை. போரில் மூன்று மக்களை இழந்த டவ்லைஸ் நகரத்துத் தாய் மின்னி ஜேம்ஸ் கதவைத் திறந்தார். மூன்று பிள்ளைகளைக் கொடுத்தவளைவிட அந்தச் சாவியைப் பெறத் தகுதியுடையவர் யார்?

தூது ஒருவழிப் பாதையாகவும் நின்றுவிடவில்லை. பால் ரோப்சன் என்ற கறுப்பின அமெரிக்கப் பாடகர் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளரோடு நெருங்கிப் பழகியவர். அவர்களைப் பற்றிய திரைப்படத்திலும் நடித்தவர். தம் கருத்துகளுக்காக 1950-இல் அமெரிக்க அரசால் கடவுச்சீட்டைப் பறிகொடுத்தார். வேல்ஸ் தொழிலாளர்கள் தங்கள் விழாவுக்கு அவரை அழைத்தனர், வர முடியவில்லை. அப்போதுதான் அட்லாண்டிக் கடலடியில் புதிய தொலைபேசிக் கம்பி போடப்பட்டிருந்தது. 1957 அக்டோபரில் போர்த்காவல் நகரில் ஆயிரக்கணக்கானோர் அரங்கில் அமர்ந்திருக்க, ரோப்சன் நியூயார்க்கில் இருந்தபடியே தொலைபேசியில் பாடினார். இவர்கள் இங்கிருந்து பாடினர். அரசு மனிதனை நிறுத்தியது. குரலை நிறுத்த இயலவில்லை. அடுத்த ஆண்டு கடவுச்சீட்டு திரும்பக் கிடைத்ததும் ஐஸ்தெத்வோட் மேடைக்கு நேரிலேயே வந்தார்.

1963 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகரில் கறுப்பின மக்களின் பதினாறாம் தெருத் தேவாலயத்தில் நிறவெறியர் வைத்த குண்டு வெடித்தது. நான்கு சிறுமியர் இறந்தனர். மூவருக்கு வயது பதினான்கு, ஒருத்திக்குப் பதினொன்று. வேல்ஸின் கடலோரச் சிற்றூரான லான்ஸ்டெஃபனில் வாழ்ந்த ஜான் பெட்ஸ் என்ற கண்ணாடி ஓவியர் அச்செய்தியைக் கேட்டுக் கலங்கினார். இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்து மருத்துவப் பணியில் சேர்ந்தவர் அவர். உடைந்த தேவாலயத்துக்கு ஒரு வண்ணக் கண்ணாடிச் சாளரம் செய்து தர வேண்டும் என எண்ணினார். 'வெஸ்டர்ன் மெயில்' நாளிதழின் ஆசிரியர் நிதி திரட்ட முன்வந்தார். நிதிக்கு ஒரு நிபந்தனை விதிக்கப்பட்டது. ஒருவர் அரைக் கிரவுனுக்கு மேல் தரக்கூடாது. அரைக் கிரவுன் என்பது ஒரு பவுனில் எட்டில் ஒரு பங்கு. செல்வர் எவரேனும் முழுத் தொகையையும் தந்து பெயரைத் தட்டிச் செல்லாமல், வேல்ஸ் மக்கள் அனைவரும் தந்த கொடையாக அது அமைய வேண்டும் என்பதே நோக்கம். பள்ளிப் பிள்ளைகள் தங்கள் செப்புக் காசுகளைக் கொண்டுவந்து கொடுத்தனர். பணம் விரைவில் சேர்ந்தது.

கொடையாளர் பெயரைப் பளிங்கில் பொறிப்பது நம்மிடையே வழக்கம். அதில் குற்றம் ஏதும் இல்லை. கோயில்களும் சத்திரங்களும் அதனால் வளர்ந்தன. ஆயினும் கொடைக்குக் கீழ்வரம்பு கேள்விப்பட்டவர் உண்டு. மேல்வரம்பு கேள்விப்பட்டவர் எத்தனை பேர்? பரிக்கிரக அளவு என்னும் அணுவிரதம் பொருள் சேர்ப்பதற்கு எல்லை வகுக்கிறது. பொருள் கொடுக்கும்போது எழும் பெருமைக்கும் எல்லை வகுக்கலாம் என்பதை அந்த அரைக் கிரவுன் காட்டுகிறது.

1965-இல் சாளரம் பொருத்தப்பட்டது. கைகளை விரித்து நிற்கும் கறுப்புக் கிறிஸ்து. தலைக்கு மேல் வானவில். ஒரு கை வெறுப்பைத் தள்ளுவது போலவும், மற்றது மன்னிப்பை நீட்டுவது போலவும் அமைந்திருக்கும். 'வேல்ஸ் சாளரம்' என்றே அந்நகர மக்கள் அதை அழைக்கின்றனர்.

பேழையின் கதைக்கு மீள வேண்டும். அது வாஷிங்டனில் இருந்தபடியே, வேல்ஸில் பெரும்பாலும் மறக்கப்பட்டது. பாட்டிமார் கையொப்பமிட்டதைப் பேத்திகள் அறியவில்லை. பள்ளிப் பாடநூல்கள் போர்களை வரிசையிட்டன; போரை நிறுத்தக் கேட்டவர்களை விட்டுவிட்டன. 2014-ஆம் ஆண்டளவில் கார்டிஃப் அமைதிக் கோயிலில் இருந்த தோலட்டை விண்ணப்பப் பிரதி ஒன்று கண்ணில் பட, 'இது என்ன?' என்ற கேள்வி எழுந்தது. தேடல் வாஷிங்டன் வரை சென்றது. நூற்றாண்டை ஒட்டி ஸ்மித்சோனியன் நிறுவனம் பேழையை வேல்ஸுக்கே அளிக்க முன்வந்தது. 2023 ஏப்ரலில் ஓக் மரப்பேழை தாள்களோடு அபெரிஸ்ட்வித் நகரின் தேசிய நூலகத்துக்குத் திரும்பியது. விண்ணப்பம் கருக்கொண்ட அதே ஊர்.

இன்று வேல்ஸுக்கெனத் தனி ஆட்சிமன்றம் உண்டு. 1999 முதல் அது இயங்குகிறது. வாஷிங்டனிலும் நியூயார்க்கிலும் அதற்கு அலுவலகங்கள் உள்ளன; மார்ச் முதல் நாள் புனித டேவிட் திருநாளை அங்கே கொண்டாடுகின்றனர். வணிகம், கல்வி, சுற்றுலா ஆகியவை பேசப்படுகின்றன. அவை தேவையானவையே.

நூலகத்தில் நடந்தது வேறு வகை வேலை. தாள்கள் அனைத்தும் படியெடுக்கப்பட்டுக் கணினியில் ஏற்றப்பட்டன. கையெழுத்தைப் படித்துப் பெயரையும் முகவரியையும் எழுதித்தருமாறு பொதுமக்களிடம் வேண்டினர். நூலகத்திலும் வீட்டிலும் அமர்ந்து தன்னார்வலர்கள் எழுதினர். மங்கிய பென்சில் எழுத்து, அவசரத்தில் சாய்ந்த எழுத்து, பள்ளிக்கூடம் அதிகம் பார்த்திராத கை முயன்று எழுதிய எழுத்து. எழுதிவருகையில் திடீரென ஒரு முகவரி தெரிந்த முகவரியாக இருக்கும். தம் தெரு, தம் வீடு, தம் பாட்டியின் தாய். ஒரே வீட்டில் தாய், மகள், மருமகள் என்று மூன்று வரிகள் ஒன்றின் கீழ் ஒன்றாக வரும். இன்று எவரும் தம் ஊரின் பெயரைத் தட்டி, 1923-இல் தங்கள் வாசலுக்கு வந்த தாளில் யார் யார் கையொப்பமிட்டனர் என்று தேடிப் பார்க்கலாம். பார்க்கின்றனர்.